ஓரம் சுத்தம் என்றார்களே, அப்புறம் எப்படி?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 57. போன வருடம் வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் ‘லியோமையோசார்கோமா’ என்று கண்டுபிடித்து, கட்டியோடு வலது சிறுநீரகத்தையும் எடுத்துவிட்டு, செயற்கைக் குழாய் வைத்தார்கள். ஓரம் சுத்தம், அதாவது வெட்டிய விளிம்பில் புற்று இல்லை, என்றது பயாப்ஸி அறிக்கை. இப்போது நுரையீரலில் இரண்டு புள்ளிகள். அந்தக் குழாய்தான் காரணமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: குழாய்மேல் பழி போடாதீர்கள். அக்காவுக்குக் கட்டி வந்த ரத்தக்குழாய், உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப் பெருஞ்சிரை. அதை வெட்டி எடுத்தபின் ரத்தம் ஓட வழி வேண்டுமே, அதற்காக வைத்தது அந்தக் குழாய். இந்தப் புற்று சிரைச் சுவரின் தசையில் பிறக்கிறது. 1871-லேயே பெர்ல் என்பவர் எழுதி வைத்தும், பல டாக்டர்கள் இன்றுவரை ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சிரையின் ரத்தம் நேராக இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலுக்குள் நுழைகிறது. கட்டியிலிருந்து உதிரும் செல்கள் முதலில் சிக்குவது அங்குள்ள நுண்குழாய்களில்தான். ஆபரேஷனுக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கலாம். ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வளர மாதக்கணக்கில் ஆகும். ஓரம் சுத்தம் என்பது வெட்டிய இடத்தைப் பற்றிய செய்தி மட்டுமே. நல்ல ஆபரேஷனுக்குப் பிறகும் பாதிப் பேருக்கு மேல் இது திரும்புகிறது. இதை முதலிலேயே யாராவது உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, இனி என்ன? புள்ளிகள் புற்றுதானா என்பது முதலில் உறுதியாகட்டும். பழைய காசநோய்த் தழும்புகூட நம் ஊரில் இப்படித் தெரியும். புற்றுதான், ஆனால் இந்த இரண்டைத் தவிர வேறெங்கும் இல்லை என்றால், வெட்டி எடுக்கலாமா, குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுக்கலாமா என்று கேளுங்கள். ஈரலையும் பார்க்கச் சொல்லுங்கள். நிறைய இடங்களில் பரவியிருந்தால் கீமோதான். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தோடு டிராபெக்டெடின் என்ற இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்த பிரெஞ்சு ஆய்வின் முடிவு 2024-ல் வெளியானது. பரவிய லியோமையோசார்கோமாவில் இடைநிலை ஆயுள், அதாவது பாதி நோயாளிகள் கடந்து வாழும் காலம், 24 மாதத்திலிருந்து 33 மாதமாகக் கூடியது. நோய் தீர்ந்துவிடவில்லை, காலம் கூடியது. ஆனால் பக்கவிளைவும் கூடும்.

இருப்பது ஒரே சிறுநீரகம் என்பதை கீமோ டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஐஃபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகள் அதைப் பாதிக்கும். கால் வீங்கினால் உடனே புற்று என்று பயப்பட வேண்டாம், குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

தசை, எலும்பு போன்றவற்றில் பிறக்கும் சார்கோமா வகைப் புற்றுக்கென்று டாக்டர்கள் குழுவாகக் கூடி முடிவெடுக்கும் பெரிய புற்றுநோய் மருத்துவமனையில் ஒருமுறை காட்டுங்கள். போகும்போது அறிக்கைத் தாள் மட்டும் போதாது. கட்டியின் துண்டுகளை வைத்திருக்கும் ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் பழைய ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஆபரேஷனுக்கு முன் எடுத்த சி.டி. ஸ்கேன் பதிவான குறுந்தகடும் கையில் இருக்கட்டும், இந்தப் புள்ளிகள் அப்போதே இருந்தனவா என்று அதில்தான் பார்க்க முடியும்.