தலை உள்ளே, வால் வெளியே: சைக்கிள் கியர் ஒயர் கேள்விகள்

“அய்யம்பேட்டை தாண்டி வரும்போது ‘டப்’புனு ஒரு சத்தம். அதுலேருந்து வலது லீவர் லொடலொடன்னு ஆடுது, பின்னாடி செயின் கடைசி சின்னப் பல்லுல போய் உட்கார்ந்துடுச்சு. ஒயரோட குண்டு லீவருக்குள்ளேயே மாட்டிக்கிச்சாம், முழு ஷிஃப்டரையும் மாத்தணும்னு கடையில சொல்றாங்க. நிஜமா சார்?” (கும்பகோணம்)

அவசரப்பட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். ரோடு பைக்கில் (வளைந்த ஹேண்டில் உள்ள வேக சைக்கிள்) கியர் ஒயர் பெரும்பாலும் குண்டுக்கு, அதாவது அதன் நுனியில் இருக்கும் உலோகத் தலைக்கு, பக்கத்தில்தான் அறும். லீவருக்குள் சின்ன வளைவில் ஒவ்வொரு கியருக்கும் மடங்கி மடங்கி, ஒவ்வோர் இழையாக விட்டுப்போகிறது. ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்) கெட்டுப்போனதாக அதற்கு அர்த்தமில்லை. உள்ளே ஒரு குண்டும் கொஞ்சம் பிசிறும் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

முதலில், லீவரைச் சும்மா கிளிக் கிளிக் என்று அடிப்பதை நிறுத்துங்கள். பிசிறு லீவருக்குள் இருக்கும் பல்லில் சுற்றிக்கொண்டால் வேலை இரட்டிப்பாகும். செயினைச் சின்னப் பல்லுக்கு இறக்குகிற சின்ன லீவரை மட்டும் மெதுவாக, அதற்கு மேல் போகாத வரை தட்டுங்கள். அப்போதுதான் குண்டு உட்காரும் குழியும் வெளியே வரும் ஓட்டையும் நேருக்கு நேர் வரும். கைப்பிடி ரப்பரைப் பின்னால் மடக்கி, பிரேக் லீவரை அழுத்திப் பிடித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டை இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் அடியில் சின்னத் திருகு போட்ட பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றினால் உள்ளே நன்றாகத் தெரியும். மெல்லிய மூக்குக் குறடு, இடுக்கி, கோணி ஊசி இந்த மூன்றும் போதும். குண்டை ஊசியால் தள்ளுங்கள், பிசிறை ஒவ்வொன்றாக இடுக்கியால் இழுங்கள். மூடியைத் தவிர வேறு எதையும் கழற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளைத் திரும்ப அடுக்குவது நம் வேலை இல்லை. ஒரு முழு மாலைப்பொழுது பொறுமையாக முயன்றும் வராவிட்டால் அப்புறம் ஷிஃப்டர் விலையை விசாரியுங்கள்.

அறுந்த ஒயரின் மறுமுனை பின் டிரெய்லரில் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் கருவி) இன்னும் மாட்டியபடிதானே இருக்கிறது? போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர் போல்ட்டுக்கு எந்தப் பக்கம், எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். பக்கம் மாறினால் இழுக்கும் அளவே மாறிவிடும், எவ்வளவு டியூன் செய்தாலும் கியர் ஒழுங்காக விழாது. இதைக் கவனிக்காமல் டிரெய்லர் மேலேயே பழி போடுகிறவர்கள் நிறையப் பேர்.

புது ஒயரை லீவர் வழியாக விடும்போது இழைகள் பிரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவுட்டர் (ஒயர் உள்ளே ஓடும் உறை) நன்றாக இருந்தால் ஹேண்டில் டேப்பைப் பிரிக்கவே தேவையில்லை. அவுட்டரும் மாற்ற வேண்டுமானால் ஸ்டெம் (ஹேண்டிலை வண்டியோடு பிடித்திருக்கும் பாகம்) பக்கத்திலிருந்து லீவர் வரை பிரித்தால் போதும்.

இன்னொன்று. இதற்கு முன் சில வாரங்களாகக் கியர் அடிக்கடி தப்பி, நீங்களும் ஒயரின் இறுக்கத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் திருப்பிக்கொண்டே இருந்திருப்பீர்கள். சரிதானே? திருப்பத் திருப்ப மறுபடி தளர்ந்தால், உள்ளே இழை அறுந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தக் கட்டத்திலேயே மாற்றிவிட்டால் குண்டு முழுசாக வெளியே வந்துவிடும்.

“எங்க ஊர் சைக்கிள் கடையில பிரேக் ஒயர்தான் இருக்கு. அதையே போட்டுக்கலாமா அண்ணா?” (மன்னார்குடி)

முடியாது. கியர் ஒயர் 1.2 மி.மீ. தடிமன், பிரேக் ஒயர் 1.5 அல்லது 1.6. குண்டும் பெரியது, ஷிஃப்டருக்குள் உட்காராது. அவுட்டரும் வேறு. பிரேக் அவுட்டருக்குள் கம்பி சுருளாக ஓடுகிறது, அழுத்தினால் சுருங்கும், அதனால் கியர் துல்லியமாக விழாது. கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் நேராக ஓடுகின்றன. அதைத் தப்பித்தவறிக்கூட பிரேக்குக்குப் போட்டுவிடாதீர்கள். அழுத்தி பிரேக் பிடிக்கும்போது பக்கவாட்டில் பிளந்துவிடலாம்.

ஆனால் அதே கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கியர் சைக்கிள் நிச்சயம் ரிப்பேருக்கு வரும். அதற்குப் போடும் கியர் இன்னர் ஒயரைக் கேளுங்கள். ஷிமானோ கம்பெனி ஒயரில் ரோடு பைக்குக்கும் எம்டிபிக்கும் (மலைப்பாதை சைக்கிள்) குண்டு ஒன்றுதான். நீளத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள். பின் கியருக்கு ஷிமானோ கொடுக்கும் ஒயர் 2,100 மி.மீ. மலிவு ஒயர்கள் சில அதைவிடக் குட்டையாக இருக்கும், லீவரிலிருந்து பின் சக்கரம் வரை எட்டாது. பழைய ஒயரைக் கையோடு கொண்டுபோய் அளந்துவிடுங்கள். கட்டிங் பிளேயரால் கடித்துக் கடித்து வெட்டினால் நுனி பிரியும். நல்ல ஒயர் கட்டர் இல்லாத கடையில் வெட்டாமலே வாங்கி வாருங்கள்.

“வேளாங்கண்ணி போயிட்டுத் திரும்பும்போது நடுவழியில அறுந்துடுச்சு. எதிர்க்காத்துல சின்னப் பல்லுல மிதிச்சு முட்டி போச்சு. வேற வழி இருந்துச்சா?” (தஞ்சாவூர்)

இருந்தது. ஆடியில் நாகையிலிருந்து மேற்கே மிதித்தவர்களுக்குத்தான் உங்கள் முட்டியின் அருமை தெரியும்.

ஒயர் அறுந்தால் பின் டிரெய்லரின் ஸ்பிரிங் அதைக் கடைசிச் சின்னப் பல்லுக்குத் தள்ளிவிடும். முன்னால், பெடல் பக்கத்துச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள், அதுவே பாரத்தைக் கொஞ்சம் குறைக்கும். அடுத்து, டிரெய்லரில் ‘எச்’ என்று குறித்த சின்னத் திருகைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பிக்கொண்டே பெடலைக் கையால் சுற்றுங்கள். செயின் ஒன்றிரண்டு பல் உள்ளே ஏறும். வீட்டுக்கு வந்ததும் அந்தத் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

ஒயர் ஃபிரேமுக்கு வெளியே ஓடுகிற வண்டியாக இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. டிரெய்லரைக் கையால் நடுப்பல்லுக்குத் தள்ளி, அறுந்த ஒயரை இறுக்கி இழுத்து, தண்ணீர் பாட்டில் கூண்டின் போல்ட்டுக்கு அடியில் வைத்து முறுக்கிவிடுங்கள். நம் சமவெளிக்கு ஒரே ஒரு நடுக் கியர் தாராளம்.

“புது ஒயர் போட்டு ஒரு வாரத்துல கியர் குதிக்குது. ஒயர் இழுத்துக்கிச்சா?” (திருவாரூர்)

ஒயர் அவ்வளவாக நீளாது. அவுட்டரின் முனைகள் மூடிகளுக்குள் அழுந்தி உட்காருகின்றன, அதனால் இறுக்கம் குறைகிறது. பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், பின்னாலிருந்து பார்த்தபடி பின் டிரெய்லரின் அட்ஜஸ்டரைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். சின்னப் பல்லுக்கு இறங்கத்தான் தயங்குகிறது என்றால் அது பெரும்பாலும் உராய்வு. அவுட்டரைச் சரிவாக வெட்டியிருப்பார்கள், அல்லது வெட்டிய பிறகு உள்குழாய் நசுங்கியிருக்கும். நுனியை அரத்தால் மட்டப்படுத்தி, ஊசியால் துளையைத் திறந்துவிடுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் ஒயர் ஓடும் பிளாஸ்டிக் தடத்தையும் கழுவுங்கள். நடவுக் காலத்தில் டிராக்டர் ரோட்டில் இழுத்துவிடும் வண்டல் அங்கேதான் காய்ந்து கல்லாகிறது.

“உப்புக்காத்துல எல்லாம் துரு. அவுட்டருக்குள்ள கிரீஸ் அடைச்சா நல்லதா?” (வேதாரண்யம்)

வேண்டாம், கெட்டி கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எவர்சில்வர் ஒயர் போடுங்கள், ரப்பர் வாய் உள்ள அவுட்டர் மூடி கிடைத்தால் இன்னும் நல்லது. உங்கள் ஊரில் நான் கிலோமீட்டர் கணக்குப் பார்க்க மாட்டேன்: வருஷா வருஷம் புரட்டாசியில், அடைமழைக்கு முன் இன்னர், அவுட்டர் இரண்டையும் மாற்றிவிடுவேன்.

“ஒயர் ஃபிரேமுக்குள்ள ஓடுது. எப்படி மாத்துறது?” (பட்டுக்கோட்டை)

அறுந்ததை உருவிவிடாதீர்கள்! அதன் மேலேயே மெல்லிய பிளாஸ்டிக் குழாயை ஃபிரேமுக்குள் செலுத்தி, மறுபக்கம் வந்த பிறகு பழையதை உருவி, குழாய் வழியாகப் புதியதை விடுங்கள். ஏற்கெனவே உருவிவிட்டிருந்தால் காந்தமும் பொறுமையும்தான் துணை.

“முன் கியர் ஒயர் அறுந்து மாசக்கணக்காச்சு. அப்படியே ஓட்டுறேன். தப்பா?” (மயிலாடுதுறை)

தப்பில்லை. சின்னச் சக்கரத்திலேயே நிற்கும், வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் தொங்கும் நுனியை இன்றைக்கே வெட்டி எடுங்கள், கெண்டைக்காலைக் கிழித்துவிடும். இடது லீவருக்குள் இருக்கும் குண்டையும் துருப்பிடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள்.