சூப்பர்சார்ஜர் பொருத்திய வண்டிக்கு எத்தனை ஆயில் கூலர்?

கேள்வி: ஐயா, நான் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது 2010ஆம் ஆண்டு டொயோட்டா டண்ட்ரா, 5.7 லிட்டர் வி8 எஞ்சின். வண்டியை எனக்கு விற்றவர் அதில் டிஆர்டி (டொயோட்டாவின் பந்தயப் பிரிவு) சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி, பொருத்தியிருந்தார். 3,000 கிலோ எடையுள்ள டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கப்பாதையை நோக்கி ஏறும்போது, ஆட்டோமேடிக் கியர்பாக்ஸின் ஆயில் 118 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. சமதளத்தில் 90ஐத் தாண்டுவதில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் இன்னும் இரண்டு ஆயில் கூலர்களைப் பொருத்தச் சொல்கிறார் மெக்கானிக். அவர் சொல்படி செய்யலாமா?

பதில்: கூலர் தேவைதான். ஆனால் இரண்டு வேண்டாம். ரேடியேட்டருக்கு முன்னால் மேலும் ஒன்றை அடுக்கவும் வேண்டாம்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஆட்டோமேடிக் கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் உரசுவதால் உண்டாகும் சூடு சிறிது. பெரும்பகுதி, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் பிறக்கிறது. அதற்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரு பக்கத்தையும் இறுகப் பிடித்திருக்கும்வரை எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே தண்டுபோலச் சுழல்வதால் இழப்பு மிகக் குறைவு. அது விட்டுவிட்டால், எஞ்சினின் சக்தி முழுவதும் ஆயில் வழியாகத்தான் கடந்து செல்ல வேண்டும். 200 குதிரைத்திறன் கடக்கும்போது பத்து சதவீதம் வழுக்கலில் வீணானால் 20 குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 15 கிலோவாட், ஆயிலுக்குள் சூடாக இறங்குகிறது. நம் குளியலறையில் இருக்கும் இரண்டு கிலோவாட் கீசர்கள் ஏழெட்டை ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிடுவதற்கு இது சமம்.

உங்கள் எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 381 குதிரைத்திறன். டிஆர்டி சூப்பர்சார்ஜருடன் அது 504. கியர்பாக்ஸும், அதோடு வந்த கூலரும் பழைய எண்ணுக்காக அளவிடப்பட்டவை. இத்தனைக்கும் ஏற்றத்தில் உங்களுக்கு 504ம் தேவைப்படுவதில்லை. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 5,600 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஏழு சதவீத ஏற்றத்தை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, காற்றின் தடையையும் டயரின் உராய்வையும் சேர்க்காமல், சுமார் 107 கிலோவாட் வேண்டும். அதே ஏற்றத்தை 70 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 75 கிலோவாட் போதும். சூப்பர்சார்ஜர் இல்லாத வண்டி மூச்சு வாங்கித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் வண்டி குறைக்காது, நீங்களும் குறைப்பதில்லை என்று ஊகிக்கிறேன்.

உயரமும் இங்கே எதிராக வேலை செய்கிறது. ஐசனோவர் சுரங்கப்பாதை ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். காற்றை அழுத்தித் தரும் கருவி இல்லாத எஞ்சின்கள் அந்த மெல்லிய காற்றில் வலுவிழந்து, அதனாலேயே சூட்டையும் குறைவாக உண்டாக்கும். சூப்பர்சார்ஜர் அந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் கூலரின் தகடுகளைக் கடந்து செல்லும் காற்றை அது ஈடுகட்டுவதில்லை. ஆக, சமவெளியின் சூட்டை மலைக்காற்றால் ஆற்ற வேண்டிய நிலை உங்களுடையது.

இப்போது வண்டியின் முகப்பைப் பாருங்கள். ஏசி கன்டென்சர், சூப்பர்சார்ஜர் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் நீரை ஆற்றும் சிறு ரேடியேட்டர், இழுவைக்கான வசதிகளுடன் வாங்கிய வண்டியாக இருந்தால் கியர்பாக்ஸ் ஆயில் கூலர், இவற்றுக்கெல்லாம் பின்னால் எஞ்சின் ரேடியேட்டர். முதல் தகட்டைக் கடந்த காற்று சூடாகித்தான் அடுத்ததை அடைகிறது. அங்கே மேலும் இரண்டு கூலர்களை நுழைத்தால் கியர்பாக்ஸ் சில டிகிரி ஆறும். இன்டர்கூலரின் நீர் சூடேறும். அதனால் எஞ்சினுக்குள் போகும் காற்று சூடாகி, எரிபொருள் தாறுமாறாகத் தானே வெடிக்கும் இடிப்பைத் தவிர்ப்பதற்காகக் கம்ப்யூட்டர் இக்னிஷனைத் தாமதப்படுத்த, நீங்கள் காசு கொடுத்த குதிரைத்திறன் கரைந்துபோகும். ஒருவர் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டுவது போன்ற வேலை இது.

என் யோசனை இதுதான். முன்னால் இருக்கும் ஆயில் கூலரை அப்படியே விட்டுவிடுங்கள். வண்டியின் அடியில், சேசிஸ் பக்கவாட்டில், சக்கரங்கள் வாரியடிக்கும் கல்லும் சேறும் படாத, எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து விலகிய இடத்தில், சொந்த மின்விசிறி கொண்ட அடுக்குத் தகடு வகைக் கூலர் ஒன்றைப் பொருத்துங்கள். ஒரே குழாய் வளைந்து வளைந்து செல்லும் மலிவான வகையைவிட அடுக்குத் தகடு வகையில் ஆயிலுக்குத் தடை குறைவு, ஆற்றும் பரப்பு அதிகம். ஆயில் முதலில் பழைய கூலரைக் கடந்து, பிறகு புதியதைக் கடந்து, கியர்பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும். இரண்டையும் இணையாகப் பிரித்துவிட்டால், ஆயில் தடை குறைந்த பக்கமே ஓடி மற்றதைப் பட்டினி போட்டுவிடும். மின்விசிறி 85 டிகிரியை ஒட்டி ஓடத் தொடங்கினால் போதும்.

குழாயில் கஞ்சத்தனம் கூடாது. பெரும்பாலான ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ்களில் கூலரிலிருந்து திரும்பி வரும் ஆயில்தான் உள்ளே இருக்கும் புஷ்களுக்கும் பேரிங்குகளுக்கும் மசகாகப் பாய்கிறது. ஒடுக்கமான குழாயும், நெருக்கமான வளைவுகளும், சின்ன துவாரம் கொண்ட இணைப்புகளும் அந்தப் பாய்ச்சலைக் குறைத்தால், ஆயில் குளிர்ந்திருந்தும் பேரிங் காய்ந்துபோகும். பெட்ரோலுக்கான ரப்பர் ஹோஸை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டுக்கென்று தயாரிக்கப்பட்ட ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். புதிய கூலரும் குழாய்களும் நிறையும் அளவுக்குக் கூடுதல் ஆயில் ஊற்றி, டொயோட்டா குறிப்பிடும் வெப்பநிலையில் மட்டத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

118 டிகிரியை எங்கே அளந்தீர்கள் என்று எழுதவில்லை. ஆயில் தொட்டியில் என்றால் கவலைப்பட வேண்டிய எண். கன்வெர்ட்டரிலிருந்து வெளியேறும் இடத்தில் என்றால், நீண்ட ஏற்றத்தில் சிறிது நேரம் அப்படி உயர்வது அவ்வளவு அச்சம் தருவதன்று. எதுவானாலும், கூலர் வாங்கும் முன் செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்யுங்கள்: அதே ஏற்றத்தில் டோ-ஹால் (இழுவைக்கான கியர் முறை) பொத்தானை அழுத்தி, ஒரு கியர் கீழே இறக்கி, லாக்-அப் விடாதபடி 75 கிலோமீட்டர் வேகத்தில் ஏறிப் பாருங்கள். ஆயில் 105ஐத் தாண்டவில்லை என்றால் குற்றவாளி கூலர் அன்று, வலது கால்.

கேள்வி: அரிசோனாவில் கோடையில் 45 டிகிரி வெயிலில் படகு இழுக்கிறேன். என் வண்டியிலும் சூப்பர்சார்ஜர் உண்டு. ரேடியேட்டருக்குள் 90 டிகிரிக்கு மேல் சூடான நீர் இருக்கிறதே, அதற்குள் போகும் கியர்பாக்ஸ் ஆயிலை நிறுத்திவிட்டு, வெளிக்கூலரை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: பலரும் செய்கிறார்கள், நான் பரிந்துரைப்பதில்லை. 120 டிகிரி ஆயிலுக்கு 95 டிகிரி நீர் குளிர்ந்த நீரே. ஒரே அளவுப் பரப்பில் காற்று எடுத்துச் செல்வதைவிடப் பன்மடங்கு சூட்டை நீர் எடுத்துச் செல்லும். படகுத் துறையின் சரிவில் வண்டி ஊர்ந்து செல்லும்போது வெளிக்கூலருக்குக் காற்றே கிடைக்காது. ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் போய்ப் பெருஞ்சூட்டை இறக்கிவிட்டு, பிறகு வெளிக்கூலரில் மிச்சத்தை ஆற்றிக்கொள்வதுதான் சரியான வரிசை. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் கசிந்து, கூலன்ட் ஆயிலில் கலந்து அது பால்போல் வெளுத்துவிட்டதென்றால் கதை வேறு. அப்போதும் ரேடியேட்டரை மாற்றுவதே தீர்வு.

உங்கள் மாநிலத்திலேயே டேவிஸ் அணையருகே ஒரு ஏற்றம் உண்டு. இழுவைத் திறனுக்கான எஸ்ஏஈ (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே2807 விதிமுறை, புல்ஹெட் சிட்டியிலிருந்து யூனியன் பாஸ் வரையிலான அந்த 11.4 மைல் ஏற்றத்தைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. ஏசியை முழுவதும் ஓடவிட்டுக் கோடை வெயிலில் ஏற வேண்டும். தொழிற்சாலை வண்டிகள் பலவும் அந்தத் தேர்வை எழுதியவை. சூப்பர்சார்ஜர் பொருத்திய உங்கள் வண்டி எழுதவில்லை. ஆகவே எஞ்சின் வலுக்கூடிவிட்டது என்பதற்காக, கையேட்டில் அச்சிட்டிருக்கும் இழுவை எடையைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: கனடாவில் மைனஸ் 30 டிகிரியில் பெரிய கூலர் தீங்கு செய்யுமா?

பதில்: செய்யும். கெட்டியான ஆயில் கூலருக்குள் நகராமல் நிற்கும், கியர் தாமதமாக விழும், சில வண்டிகள் லாக்-அப்பையே அனுமதிக்காது. ஆயில் சூடாகும்வரை கூலரைச் சுற்றி வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். உங்கள் கியர்பாக்ஸிலேயே அது இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கூலரை அட்டையால் மூடுகிறவர்களும் உண்டு; அப்படிச் செய்தால், வசந்தத்தில் டிரெய்லரைப் பூட்டும் முன் அந்த அட்டையை எடுத்துவிட வேண்டும்.