வண்டு தொடாத ராஜ்மா

கேள்வி: எங்கள் வீட்டில் தட்டைப்பயறும் பாசிப்பயறும் கொஞ்ச நாளிலேயே ஓட்டை ஓட்டையாகி மாவாகக் கொட்டுகின்றன. பக்கத்து டப்பாவில் உள்ள ராஜ்மாவை மட்டும் வண்டு தொடுவதில்லை. இதற்கு என்ன காரணம்? அந்தக் குணத்தை மற்ற பயறுகளுக்கும் கொண்டுவர முடியாதா?
– வாசகி, தேனி

பதில்: முடியும், செய்தும் பார்த்துவிட்டார்கள். நம் பயறு வண்டின் புழு விதையைத் துளைத்து உள்ளே போய் மாவுச்சத்தைத் தின்றுதான் வளர வேண்டும், அதைச் செரிக்க அமைலேஸ் என்ற நொதி அதற்குத் தேவை. ராஜ்மா விதையில் உள்ள ஒரு புரதம் அந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடுகிறது. அப்புறம் சுற்றிலும் தீனி இருந்தும் புழு பட்டினியில் செத்துப்போகும். ஆனால் ராஜ்மா பிறந்த அமெரிக்கக் கண்டத்து வண்டுகள் சில இதைச் சமாளிக்கப் பழகிவிட்டன, அவற்றிடம் இந்தப் புரதம் செல்லாது.

இந்தப் புரதத்துக்கான மரபணுவை ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பட்டாணிக்குள் வைத்தது. அந்தப் பட்டாணியில் பயறு வண்டு வளர முடியவில்லை என்று 1994-இல் அறிவித்தார்கள். அடுத்து, வயலிலேயே பச்சைக் காயில் முட்டையிட்டுப் பட்டாணியைக் கெடுக்கும் வண்டையும் அது தடுத்தது. பூச்சிமருந்தே அடிக்காமல் இவ்வளவு நடந்தது எனக்கு இன்றும் பெரிய விஷயம்தான்.

ஆனால் 2005-இல் அந்தப் பட்டாணியைத் தின்ற எலிகளின் உடலில் ஒவ்வாமை போன்ற எதிர்ப்பும் நுரையீரல் அழற்சியும் தெரிந்தன. ராஜ்மாவில் இருக்கும் அதே புரதம்தான், ஆனால் பட்டாணிச் செடி அதை உருவாக்கும்போது அதில் ஒட்டும் சர்க்கரை மூலக்கூறுகள் கொஞ்சம் மாறிவிடுகின்றன. அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். பல வருட உழைப்பை அங்கேயே நிறுத்தினார்கள். 2013-இல் வேறொரு குழு சோதித்தபோது சாதாரணப் பட்டாணியும் ராஜ்மாவும்கூட எலிகளிடம் அதே மாதிரி எதிர்ப்பைக் கிளப்பின, அதனால் மரபணு மாற்றம் மட்டுமே குற்றவாளி என்று சொல்ல முடியாமல் போயிற்று. இருந்தாலும் நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன், மக்கள் தினமும் சாப்பிடும் பொருளில் சந்தேகம் வந்தபின் விற்பனையை நோக்கி ஓடக்கூடாது. அதே சமயம் இந்த ஒரு சோதனையைக் காட்டி எல்லா மரபணு மாற்றுப் பயிர்களும் விஷம் என்று பேசுவதையும் நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு புரதத்தையும், அது புகும் ஒவ்வொரு பயிரிலும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட தட்டைப்பயறிலும் இதே ராஜ்மா மரபணுவை வைத்து வண்டைத் தடுத்ததாக இந்திய ஆய்வாளர்கள் 2008-இல் எழுதினார்கள். நைஜீரியா 2019-இல் அனுமதித்த மரபணு மாற்றுத் தட்டைப்பயறு வேறு ரகம், அதில் இருப்பது பாக்டீரியாவின் புரதம், அது தடுப்பதும் வயலில் காயைத் துளைக்கும் புழுவைத்தான், டப்பாவில் வரும் வண்டை அல்ல.

சரி, இப்போதைக்கு வாங்கிய பயறை நன்றாக வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். கொஞ்சமாக வாங்குபவர் என்றால் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் செத்துவிடும். ராஜ்மாவை மட்டும் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க நன்றாக வேகவையுங்கள், அரைவேக்காட்டில் அது வயிற்றைக் கெடுக்கும்.