அடுப்பு பற்றவில்லையே, ஏன்?

கேள்வி: எங்கள் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனில் 10 நாளாகக் கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றையும் கொட்டுகிறோம். வாயு சேரும் டிரம் எழும்புகிறது, அடுப்பு பற்றவில்லை. ஏன்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: கலன் புளித்துவிட்டது. சோறு வேகமாக அமிலமாகும். எரியும் வாயுவான மீத்தேனைத் தரும் நுண்ணுயிர்கள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் சுணங்கிவிடும். டிரம்மில் இருப்பது பெரும்பாலும் கரியமில வாயு, எரியாது. வெளிவரும் கரைசலை முகர்ந்து பாருங்கள், காடி வாடை அடிக்கும். புளிப்பை அளக்கும் பி.எச். தாள் 6.5-க்குக் கீழே காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

ஒரு வாரம் எதுவும் போடாதீர்கள். டிரம் வாயுவை நெருப்பில்லாத திறந்தவெளியில் வெளியேற்றுங்கள். சுண்ணாம்புத் தெளிவுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். பி.எச். 7-ஐ நெருங்கியதும் புதுச் சாணம் 10 கிலோவை அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். மெல்ல நாளொன்றுக்கு 50 கிலோவுக்கு ஏற்றுங்கள். நீலச்சுடர் நின்று எரிந்த பிறகே சோறு, அதுவும் அரைத்து, நாளொன்றுக்கு 2 கிலோ. பிரியாணி எலும்பும் எலுமிச்சைத் தோலும் கூடவே கூடாது.