ரீஃபண்ட் எஸ்எம்எஸ்ஸில் வேறொருவர் கணக்கு எண்

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியர், நங்கநல்லூரில் இருக்கிறார். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தாயிற்று, ரீஃபண்டும் வர வேண்டியிருக்கிறது. நேற்று, "ரூ.15,490 ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது, கணக்கு எண் தவறென்றால் இந்த லிங்க்கில் திருத்தவும்" என்று எஸ்எம்எஸ் வந்தது. அதிலிருப்பது அவர் கணக்கு எண் இல்லை. என்ன செய்வது?

பதில்: லிங்க்கைத் தொடாதீர்கள். அந்தத் தவறான கணக்கு எண்தான் தூண்டிலே. நம் பணம் வேறு யாருக்கோ போகிறதே என்று பதறினால் கை தானாக லிங்க்குக்குப் போய்விடும். இதே தொகையோடு முன்பு சுற்றிய செய்தியைப் பொய் என்று மத்திய அரசின் பிஐபி ஃபேக்ட் செக் பிரிவு அறிவித்திருக்கிறது.

வருமான வரித்துறை இணையதளத்தில் சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்குக்கு மட்டுமே ரீஃபண்ட் போகும். அதற்கு ஓடிபி, கார்டு எண், யுபிஐ பின் எதுவும் தேவையில்லை. யுபிஐ பின் என்பதே பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான். வாங்குவதற்குக் கேட்டால் அது திருட்டு.

ஆனால் கணக்கு சரிபார்க்கப்படாமல் ரீஃபண்ட் நிஜமாகவே நின்றுபோவதும் உண்டு. அதனால் பார்த்துவிடுவது நல்லது. கூகுளில் தேடாமல் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்: இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன். 'கவ் டாட் இன்'னுக்குப் பிறகு சாய்கோடுதான் வரலாம். புள்ளியோ சிறுகோடோ போட்டு வேறு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் போலி. உள்ளே போய் 'மை ப்ரொஃபைல்', 'மை பேங்க் அக்கவுண்ட்' பாருங்கள். கணக்கு 'வேலிடேட்டட்' என்றும், ரீஃபண்டுக்குத் தேர்வு (நாமினேட்) ஆகியும் இருக்க வேண்டும். ரிட்டர்னை 30 நாளுக்குள் இ-வெரிஃபை (ஆன்லைனில் உறுதி) செய்தீர்களா என்பதையும் பாருங்கள். பலருக்கு ரீஃபண்ட் நிற்பது இதனால்தான்.

நோட்டீஸ் என்று பிடிஎஃப் வந்தால் அதில் டின் (DIN) எனும் ஆவண அடையாள எண் இருக்கிறதா பாருங்கள். 2019 அக்டோபர் முதல் துறையின் கடிதங்களுக்கு இது உண்டு. எண் இருப்பது மட்டும் போதாது, யாரும் ஒரு எண்ணை அச்சடிக்கலாம். இணையதள முகப்பிலேயே நோட்டீஸை உறுதிசெய்யும் வசதி இருக்கிறது, லாகின் வேண்டாம்.

லிங்க்கை வெறுமனே திறந்து மூடியிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. விவரம் கொடுத்திருந்தாலோ பணம் போயிருந்தாலோ உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க வேண்டும் என்பதால் முதல் ஒரு மணி நேரம் முக்கியம். வங்கிப் பெயர், நேரம், 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கையோடு வங்கியைக் கூப்பிட்டு கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் நிறுத்துங்கள். வேப்பேரி போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு ஓடுவதெல்லாம் அப்புறம்.

வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே (ஆப்பை நிறுவும்) ஃபைலை இன்ஸ்டால் செய்திருந்தால் நிலைமை மோசம். அது எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியை வெளியே அனுப்பும். அந்த போனிலிருந்து யாரையும் கூப்பிடாமல் ஏரோப்ளேன் மோடில் போட்டு, சிம்மை வேறு போனுக்கு மாற்றுங்கள். அங்கிருந்து ##002# அடித்தால், அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங் ரத்தாகும். பழைய போனை ஃபேக்டரி ரீசெட் செய்யாமல் வங்கி ஆப் எதையும் திறக்காதீர்கள்.

வரி இணையதளப் பாஸ்வேர்டும் போயிருந்தால் அதை மாற்றிவிட்டு, வங்கிக் கணக்குப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணக்கு ஏதாவது சேர்ந்திருந்தால் நீக்கிவிட்டு, 'இ-ஃபைலிங் வால்ட்'டில் ஆதார் ஓடிபி இல்லாமல் உள்ளே நுழைய முடியாதபடி மாற்றி வையுங்கள்.