கேள்வி – பதில்: எரிமலையடியில் ஒரு காய்கறி நகரம்

இந்தோனேசியாவின் வட சுமாத்ராவில், காரோ மேட்டுநிலத்தில் உள்ள பெராஸ்தாகி நகரைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு பயணக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: குளிர்தான் வேண்டுமென்றால் நமக்கு மலேசியாவிலேயே கேமரன் மலை இருக்கிறது. கடல் தாண்டிப் போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: குளிருக்காக மட்டும் என்றால் போகவே வேண்டாம். கேமரனின் தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; பெராஸ்தாகி 1,300 மீட்டருக்குச் சற்று மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை பாகை குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே நீங்கள் உணரப்போகும் குளிர் இரண்டு ஊர்களிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வேறுபாடு நிலத்தில் இருக்கிறது. கேமரனில் தேயிலைத் தோட்டங்களும், அரசு நிலத்தில் பலர் நடத்தும் காய்கறித் தோட்டங்களும் கண்ணில் படும். பெராஸ்தாகியிலோ தலைமுறை தலைமுறையாக அம்மண்ணிலேயே வாழும் காரோ மக்கள், தங்கள் சிறு துண்டு நிலங்களில் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், தக்காளி, மிளகாய், ஆரஞ்சு, மார்கிசா என்னும் பழம் ஆகியவற்றைத் தாங்களே பயிரிட்டுத் தாங்களே சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். உல்லாச விடுதிகள் அங்கேயும் இருக்கின்றன. ஆனால் அந்நகரம் உழவை நம்பித்தான் நிற்கிறது, சுற்றுலா அதற்கு இரண்டாம் வருமானம். குண்டாலிங் குன்றில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் ஊரைப் பார்க்காமலே திரும்புகிறார்கள் என்பது என் எண்ணம். விடியற்காலையில் லாரிகளில் மூட்டை ஏறும் நேரத்தில் சந்தைப் பக்கம் போய் நில்லுங்கள்.

கேள்வி: என் தாத்தா பினாங்கில் காய்கறி வியாபாரம் செய்தவர். அவர் காலத்தில் சுமாத்ராவிலிருந்து கப்பலில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் வந்ததாகச் சொல்வார். அது உண்மையா, அல்லது தாத்தாக்கள் சொல்லும் கதையா? (வாசகி, ஜெலுத்தோங்)

பதில்: உண்மைதான். அது மட்டுமல்ல, பெராஸ்தாகி இன்றிருக்கும் வடிவத்தை அடைந்ததில் பினாங்குக்கும் ஒரு பங்கு உண்டு.

1863-இல் ஜேக்கப் நியென்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் மேடான் நகரைச் சுற்றியுள்ள டெலி சமவெளியில் புகையிலை பயிரிடத் தொடங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கே தோட்டங்கள் பெருகின. சீனரும் சாவகரும் தமிழரும் தொழிலாளராகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் பலர் பினாங்கு வழியாகவே போனார்கள். சமவெளியின் வெக்கையைத் தாங்க முடியாத ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் மேலே இருந்த காரோ நாட்டின் மீது கண் வைத்தார்கள். அங்கு முதன்முதலாகப் போன கிறித்தவ சமயப் பணியாளர்களுக்குக்கூட 1890-இல் பணம் கொடுத்து உதவியவர்கள் டெலித் தோட்டக்காரர்களே. காரோ மக்களின் எதிர்ப்பை 1904-இல் டச்சுப் படை அடக்கியது. பிறகு மேடானிலிருந்து மலைக்குச் சாலை போடப்பட்டது. சாலை வந்ததும் ஓய்வு விடுதிகள் வந்தன. விடுதிகளோடு, அவற்றின் உணவு மேசைக்கு வேண்டிய ஐரோப்பியக் காய்கறிகளும் வந்தன. 1910-களில் டச்சு வேளாண் அலுவலர்கள் உருளைக்கிழங்கையும் கோசையும் அங்கே பரப்பினார்கள்.

விதையும் சாலையும் வெளியாருடையவை என்றாலும், அவற்றைக் கொண்டு வாணிகம் வளர்த்தவர்கள் காரோ உழவர்கள். சில விடுதிகளின் சமையலறைக்கு எவ்வளவுதான் காய்கறி வேண்டியிருக்கும்? மீதி மேடானுக்கு இறங்கியது. அங்கிருந்து பெலாவான் துறைமுகத்துக்குப் போய், மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே இந்த ஏற்றுமதி நிலைபெற்றுவிட்டது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவுடன் மோதல் போக்கைக் கடைப்பிடித்த காலத்தில் இரு நாடுகளின் வாணிகம் முறிந்தபோது, காரோ உழவர்களும் அதன் அடியைத் தாங்க வேண்டியிருந்தது. உங்கள் தாத்தா எந்த ஆண்டுகளில் கடை நடத்தினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த இடைவெளி அவர்களுடைய நினைவிலும் பதிந்திருக்கக்கூடும்.

கேள்வி: அங்கே ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கும் என்கிறார்களே, அது எப்படி? (மாணவர், பாயான் லெப்பாஸ்)

பதில்: பெராஸ்தாகி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகை அளவில்தான் இருக்கிறது. பகற்பொழுதின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாறுவதில்லை. கோடை, குளிர்காலம் என்ற பிரிவும் இல்லை. உயரத்தால் குளிர் கிடைக்கிறது, இருப்பிடத்தால் ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கிறது. ஆகவே ஒரே நாளில் ஒரு பாத்தியில் நாற்று நடுவதையும் அடுத்த பாத்தியில் கிழங்கு தோண்டுவதையும் பார்க்கலாம்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரிமலைச் சாம்பல் மட்கிக் கறுத்துப் போன மண் அது. ஆண்டோசோல் என்று மண்ணியலார் வகைப்படுத்துவர். கையில் எடுத்தால் எடையே இருக்காது. ஆனால் நீரை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும், வேரும் கிழங்கும் தடையின்றி இறங்கும். எரிமலை மண் என்றாலே எருவே வேண்டாத மண் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. இந்த மண்ணில் உள்ள கனிமங்கள் பாஸ்பரசைப் பயிருக்கு விடாமல் இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. அதனால்தான் காரோ உழவர்கள் கோழி எருவையும் இரசாயன உரத்தையும் தாராளமாக இடுகிறார்கள். ஓய்வே இல்லாமல் பயிர் நிற்பதால் பூச்சிகளுக்கும் ஆண்டு முழுவதும் விருந்துதான். புகழ்பெற்ற காரோ ஆரஞ்சுத் தோட்டங்களைப் பழ ஈ படுத்திய பாட்டைப் பார்த்துவிட்டுச் சிலர் மரங்களை வெட்டி வேறு பயிருக்கு மாறிவிட்டார்கள். மருந்து தெளிப்பதும் மிகுதி. சந்தையில் வாங்கும் கீரையை நன்றாகக் கழுவுங்கள்.

கேள்வி: சினாபுங் எரிமலை பக்கத்தில்தானே இருக்கிறது? குழந்தைகளோடு போவது பாதுகாப்பா? (வாசகி, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: நகரத்துக்கு வடக்கே சிபாயாக், மேற்கே சினாபுங், 2,460 மீட்டர். இரண்டும் உயிருள்ள எரிமலைகள். சிபாயாக்கின் உச்சியில் இன்றும் கந்தகப் புகை கிளம்புகிறது. அதன் சூட்டைக் கொண்டு மின்சாரம் எடுக்கிறார்கள், அடிவாரத்தில் வெந்நீர்க் குளங்களும் உண்டு. அஞ்ச வைத்தது சினாபுங்தான்.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஓசையின்றிக் கிடந்த மலை அது. அதனால் இந்தோனேசிய நிலவியலார் அதை இரண்டாம் வகுப்பில் வைத்திருந்தார்கள். தொடர்ச்சியான கண்காணிப்பு அதற்கு இல்லை. 2010 ஆகஸ்டில் திடீரென வெடித்ததும் முதல் வகுப்புக்கு மாற்றப்பட்டது. 2013 செப்டம்பரில் மறுபடியும் தொடங்கிப் பல ஆண்டுகள் விட்டுவிட்டு வெடித்தது. 2014 பிப்ரவரி முதல் நாளன்று, தடை செய்யப்பட்ட பகுதிக்குள் சென்றிருந்தவர்கள் மீது கொதிக்கும் சாம்பல் மேகம் இறங்கிப் பலர் உயிரைப் பறித்தது. 2016 மே மாதம் காம்பெர் கிராமத்தில் அதே போல எழுவர் இறந்தனர். அங்கிருந்தவர்களில் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போன உழவர்களும் உண்டு. பயிர் முற்றி நிற்கும்போது நிலத்தைவிட்டு விலகி இரு என்று ஓர் உழவரிடம் சொல்வது எளிது. அவர் அதன்படி நடப்பது கடினம்.

புதிய சாம்பலில் கந்தகமும் அமிலமும் இருக்கும். தூறல் விழுந்தால் அது இலையோடு ஒட்டிக்கொண்டு, மிளகாயையும் தக்காளியையும் கருக்கிவிடும். வருங்காலத் தலைமுறைக்கு அது உரம்தான். அந்த ஆண்டுக் கடனை அடைக்க வேண்டியவருக்கு அதனால் பயனில்லை. மலையடியில் இருந்த பெக்கெரா, சிமாசெம், சுக்காமெரியா ஆகிய ஊர்களின் மக்கள் சியோசார் என்ற இடத்தில், காடாக இருந்த நிலத்தைத் திருத்தி அமைத்த புதுக் குடியிருப்புகளில் வீடும் விளைநிலமும் பெற்றுக் குடியேறினார்கள். முதலிலிருந்து மண்ணைப் பழக்க வேண்டியிருந்தது அவர்களுக்கு.

உங்கள் கேள்விக்கு நேரான விடை: நகரம் ஆபத்து வட்டத்துக்கு வெளியே இருக்கிறது; சாம்பல்தான் காற்றோடு அங்கே வந்து விழுந்தது. புறப்படுவதற்கு முன் இந்தோனேசிய எரிமலைக் கண்காணிப்பு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். சினாபுங் பக்கம் தடைப் பலகை இருந்தால், வழிகாட்டி என்ன சொன்னாலும் அதைத் தாண்டாதீர்கள். குழந்தைகளுக்குச் சிபாயாக் உச்சி வேண்டாம், வெந்நீர்க் குளம் போதும்.

கேள்வி: காரோ மக்களிடையே சோழியா, பாண்டியா என்ற குலப் பெயர்கள் இருக்கின்றனவாம். இராசேந்திர சோழனின் படைவீரர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்று ஒரு காணொளியில் கூறினார்கள். சரியா? (வாசகர், பிறை)

பதில்: பெயர்கள் உண்மை. காரோ மக்களின் ஐந்து பெருங்குலங்களுள் ஒன்றான செம்பிரிங்கில் சோழியா, பாண்டியா, மெலியாலா, பிரமானா போன்ற உட்குலங்கள் உள்ளன. அவ்வுட்குலத்தார் முற்காலத்தில் இறந்தோரை எரித்து, சாம்பலைச் சிறு படகுகளில் ஏற்றி ஆற்றில் அனுப்பும் சடங்கு நடத்தினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே தென்னிந்தியத் தொடர்பு இருந்தது என்று நம்ப நல்ல காரணம் உண்டு.

படைவீரர் கதைக்குத்தான் சான்று இல்லை. இராசேந்திரனின் கடற்படையெடுப்பு 1025-ஐ ஒட்டி நடந்தது. அது துறைமுகங்களைத் தாக்கித் திரும்பிய படையெடுப்பு. நமக்குக் கையில் கிடைத்திருப்பது வணிகரின் சான்று. சுமாத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பெயர்போன பாருசுக்கு அருகே லோபு துவா என்ற இடத்தில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவை அது குறிப்பிடுகிறது. கற்பூரமும் சாம்பிராணியும் உள்நாட்டுக் காடுகளிலிருந்துதான் கடற்கரைக்கு வந்தன. அந்தப் பாதையில் பெயரும் சடங்கும் மேலே ஏறியிருக்கலாம் என்பதே ஆய்வாளர் பலரின் ஊகம், எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. வாளைவிடத் தராசு தூரம் போனது என்பதில் நமக்கென்ன குறை? காரோ நண்பர் ஒருவரைக் கண்டால் உடனே “நீங்கள் எங்கள் ஆள்” என்று உரிமை கொண்டாடாமல் இருப்பது நாகரிகம். அவர்களுக்குத் தனி மொழியும் தனி வரலாறும் உண்டு.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: கேட்டு வாங்க வேண்டும். காரோ மக்களில் பெரும்பாலோர் கிறித்தவர். பன்றி இறைச்சிக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. பலகையில் ‘பே 1’ (B1) என்று இருந்தால் அது நாய் இறைச்சி, ‘பே 2’ (B2) என்றால் பன்றி. சந்தையில் சிம்பா கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். பசையரிசி மாவுக்குள் தேங்காயும் பனைவெல்லமும் வைத்து இலையில் சுற்றி அவித்த அது, நம் இலைக் கொழுக்கட்டைக்கு உடன்பிறப்பு. மேடானில் இறங்கிய அன்றே, 1884-இல் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கும் கம்போங் மெட்ராஸ் பகுதிக்குப் போனால் நம்மவர் சமையலும் கிடைக்கும்.

கேள்வி: சுகர்னோ அங்கே சிறை வைக்கப்பட்டாரா? (வாசகர், பாலிக் புலாவ்)

பதில்: ஆம். 1948 டிசம்பரில் டச்சுக்காரர்கள், இந்தோனேசியாவின் முதல் அதிபரான அவரையும், விடுதலைத் தலைவர்களான சியாரிர், அகுஸ் சாலிம் ஆகியோரையும் பெராஸ்தாகியை அடுத்த லாவ் கும்பாவில் ஒரு வீட்டில் சில நாள் காவலில் வைத்து, பிறகு தோபா ஏரிக்கரையில் உள்ள பராப்பாட்டுக்கு மாற்றினார்கள்.

கேள்வி: மார்கிசா பழமும் உருளைக்கிழங்கு விதையும் வாங்கி வந்து வீட்டு மாடியில் வளர்க்க ஆசை. கொண்டு வரலாமா? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: கொண்டு வர வேண்டாம். பழம், விதை, கிழங்கு, நாற்று எதுவாயினும் இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் மலேசியாவுக்குள் கொண்டுவருவது 2011-ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், சோதனைச் சேவைகள் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள், தண்டமும் விதிக்கலாம். மேலே சொன்ன பழ ஈ, பையில் இருக்கும் நாலு பழத்தோடு எளிதாகக் கடல் தாண்டிவிடும் என்பதை நினைத்தால் இந்தக் கெடுபிடியில் குறை காண முடியாது.

அப்படியே கிடைத்தாலும் கோலாலம்பூர் மாடியில் உருளைக்கிழங்கு ஏமாற்றும். செடி தழைக்கும், ஆனால் இரவு வெப்பம் இருபது பாகைக்குக் கீழே இறங்காவிட்டால் சரியாகக் கிழங்கு வைக்காது. மார்கிசாவின் சுவைதான் வேண்டும் என்றால், பெராஸ்தாகியிலும் மேடானிலும் முத்திரையிட்ட போத்தல்களில் அதன் சாற்றை விற்கிறார்கள். வாங்கி, துணியில் சுற்றி, விமானத்தின் அடியில் போகும் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் வைத்தால் நூறு மில்லிலிட்டருக்கு மேல் விடமாட்டார்கள்.