சலூக்கியின் வயது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேட்டைநாய்களைப் பற்றிய உங்கள் குறிப்பில் சலூக்கிக்கு ஒரு வரிதான் இருந்தது. ஏழாயிரம் ஆண்டுகளாகக் கலப்பே இல்லாமல் வரும் உலகின் முதல் நாயினம் அதுவென்றும், எகிப்தின் பாரோக்கள் வளர்த்த நாய் அதுவேயென்றும் துபாயில் வேலை பார்க்கும் என் அண்ணன் சொல்கிறார். பாலைவனத்துப் பெதூயின் மக்கள் இதை மட்டும் கூடாரத்துக்குள் படுக்க விடுவார்களாம். இதில் எவ்வளவு உண்மை?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

அண்ணன் கடைசியாகச் சொன்னதுதான் முழு உண்மை. நாயின் எச்சில் அசுத்தம் என்பது இஸ்லாமிய மரபில் பரவலான கருத்து. ஆனால் பழக்கப்பட்ட வேட்டை விலங்குகள் பிடித்துத் தருவதை இறைவன் பெயரைச் சொல்லி உண்ணலாம் என்று குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 4ஆம் வசனம் அனுமதிக்கிறது. இறைச்சி அரிதான பாலையில், முயலையும் மானையும் விரட்டிப் பிடித்துத் தரும் நாய் அந்தக் குடும்பத்தில் உழைக்கும் ஓர் ஆளாகிவிடுகிறது. ஆகவே மற்ற நாய்களை வெறுமனே ‘கல்ப்’ (அரபியில் நாய்) என்று அழைத்த பெதூயின்கள் சலூக்கியை ‘ஹுர்’ என்றார்கள். உயர்பிறப்பு, சுதந்திரம் இரண்டையும் குறிக்கும் சொல் அது. வேட்டைக்குப் போகும் வழியில் சுடுமணலில் பாதம் வெந்துவிடக் கூடாதென்று அதை ஒட்டகத்தின்மேல் ஏற்றிச் செல்வதும், விலை பேசாமல் மதிப்புக்குரியவருக்குப் பரிசாகவே கொடுப்பதும் அவர்களின் பழைய வழக்கம்.

பாரோக்களின் கதைக்கு வருகிறேன். அவர்கள் நாய்களை நேசித்தது மெய்தான். 1935இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் ரைஸ்னர் எகிப்தின் கீஸாவில் கண்டெடுத்த கல்வெட்டு, அபுவ்தியு என்ற காவல் நாய் இறந்தபோது அரசன் சவப்பெட்டியும் மெல்லிய துணியும் நறுமணப் பொருளும் கொடுத்து, அதற்குக் கல்லறை கட்டச் செய்ததைச் சொல்கிறது. ஆனால் அந்தக் காலத்து ஓவியங்களில் வரும் வேட்டைநாய்க்குக் குத்துக்காது, சுருண்ட வால். காது தொங்கும் மெலிந்த நாய்கள் பல நூற்றாண்டுகள் கழித்தே அங்கே தெளிவாகத் தென்படுகின்றன. பழைய மெசபடோமிய (இன்றைய ஈராக் பகுதி) முத்திரைகளில் உள்ள ஒல்லியான உருவங்களைக் காட்டித்தான் ஏழாயிரம் ஆண்டுக் கணக்கைச் சொல்கிறார்கள். சாயல் ஒத்திருப்பதைக் கொண்டு வம்சத்தொடர்ச்சியை நிறுவிவிட முடியாது.

மரபணு ஆய்வும் நம்மை இங்கே நிதானிக்கச் சொல்கிறது. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு சலூக்கியைத் தொன்மையான இனங்களின் வரிசையில் வைத்தது. பாரோவின் பெயரையே தாங்கிய ‘பாரோ ஹவுண்ட்’ அதில் அண்மைக் காலத்தில் உருவான இனமாகத் தெரியவந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் அந்தத் தொன்மையையும் திருத்திப் படித்தார்கள். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வளர்ப்பாளர்களின் கலப்புக்கு எட்டாமல் ஒதுங்கி இருந்ததால்தான் அவை தனித்துத் தெரிகின்றன என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

என்னை அதிகம் நெகிழவைப்பது வேறொரு சான்று. இஸ்லாம் தோன்றுவதற்குச் சற்று முன் பிறந்த அரபுக் கவிஞர் லபீதின் நெடும்பாடலில், கன்றை இழந்த காட்டுப்பசு ஒன்றை வேடர்கள் துரத்துகிறார்கள். அம்பு எட்டாதென்று தெரிந்ததும் நாய்களை அவிழ்த்து விடுகிறார்கள்; காது தொங்கும் நாய்கள், கழுத்துப்பட்டை காய்ந்து இறுகிய பழக்கப்பட்ட நாய்கள். நெருங்கி வந்ததும் பசு திரும்பி நின்று ஈட்டி போன்ற கொம்பால் குத்துகிறது. கஸாப் என்ற நாய் இரத்தத்தில் தோய்ந்து விழுகிறது, சுகாம் என்ற நாயும் அங்கேயே கிடக்கிறது. கவிஞரின் மனம் முழுவதும் பசுவின் பக்கம். இருந்தும் இறந்த நாய்களைப் பெயர் சொல்லியே பாடுகிறார். சலூக்கி என்ற சொல் அந்தப் பாடலில் இல்லை, ஆனால் அந்தக் காதுகள் இருக்கின்றன. அண்ணன் அடுத்த முறை ஒரு சலூக்கியைப் பார்த்தால், பட்டுப்போன்ற மயிர் தொங்கும் அதன் காதை மெல்லத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.